கொடைக்கானல் வீடுகளில் கிடைக்கும் அமெரிக்கப் பழம்பொருள்களை ஏலத்திற்கு அனுப்பும் முறை

ஊட்டி ஆங்கிலேயர் உருவாக்கிய ஊர் என்றால், கொடைக்கானல் அமெரிக்கர் உருவாக்கிய ஊர். 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரைப் பறிகொடுத்த பிறகு பழனி மலையில் இடம் தேடி, 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளைக் கட்டியது. ஏரி உருவானதே அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1863-இல்தான். 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கிய பின், பல மிஷன்களைச் சேர்ந்த அமெரிக்கக் குடும்பங்கள் கோடைதோறும் மலையேறி வந்து தங்கின. அவர்கள் கப்பலில் கொண்டுவந்த பெட்டிகளில் துணிமணியும் வேதாகமமும் மட்டும் இருக்கவில்லை. தாத்தா மேற்குப் புல்வெளியில் நிலம் பெற்ற பத்திரம், தந்தை தேர்தலின்போது கோட்டில் குத்திக்கொண்ட பேட்ஜ், அண்ணன் எழுதிய கடிதக் கட்டு, தகரத் தகட்டில் எடுத்த படம் ஆகியவையும் இருந்தன. வீடுகள் கைமாறிக் கைமாறி, இன்று அவற்றில் ஒரு பகுதி பரணிலும், சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர் குடும்பங்களின் அலமாரியிலும், பெரும்பகுதி பழைய பேப்பர் கடையின் தராசிலும் இருக்கிறது.

இப்படி ஒரு பொருள் கைக்குக் கிடைத்தவர் முதலில் கேட்பது, இது என்ன விலை போகும் என்பதுதான். அதை மூன்றாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது யாருடையது, எந்த வழியாக இந்த மலைக்கு வந்தது என்பது முதல் கேள்வி. இதை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சட்டம் இடம் தருகிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை இருந்தால் விலை தானாக வரும். இல்லையென்றால் நல்ல பொருளும் நின்றுபோகும்.

முதல் வேலை, எதையும் தொடாமல் இருப்பது. சில ஆண்டுகளுக்கு முன் நாயுடுபுரம் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, அந்த வீட்டார் அழைத்ததால் நானும் உடன் இருந்தேன். பரணிலிருந்து இறங்கிய பிஸ்கட் டின் ஒன்றில் பழைய ஐம்பது காசு அளவில் ஒரு பேட்ஜும், அதன் அடியில் மடித்த கடிதம் ஒன்றும் இருந்தன. பேட்ஜில் இருந்த முகம் வில்லியம் மெக்கின்லி, 1896-இல் வென்று அமெரிக்க அதிபரானவர். கடிதத்தில், ஊர்வலத்தில் அணிந்ததை உனக்கு அனுப்புகிறேன், இந்தியாவில் யாரும் இவரை அறியமாட்டார்கள் என்று ஓர் அண்ணன் தங்கைக்கு எழுதியிருந்தார். அதே டின்னில் இருந்த மற்ற ஏழெட்டு உறைகளில் தபால்தலை இருந்த மூலையைக் காணவில்லை. வீட்டுப் பையன் ஒருவன் ஆல்பத்திற்காகக் கத்தரித்து எடுத்திருந்தான். தலையோடு தபால் முத்திரையும், முத்திரையோடு தேதியும் ஊரும் போய்விட்டன. அந்த உறைகளை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஆகவே டின்னைத் திறந்தவுடன், எது எதன்மேல் இருந்தது என்று தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். உறையைக் கடிதத்திலிருந்தும், கடிதத்தைப் பொருளிலிருந்தும் பிரிக்காதீர்கள். டின்னையும் எறியாதீர்கள்.

துடைக்கவும் வேண்டாம். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு என்று கை தானாகப் போகும். பழம்பொருள் வாங்குபவர் அந்தப் பழுப்புக்குத்தான் பணம் தருகிறார். கிழிந்த காகிதத்தில் செல்லோ டேப் ஒட்டுவதும், பத்திரத்தை லேமினேட் செய்வதும் திரும்பப் பெற முடியாத கேடுகள். நம் மலையின் பெரிய பகை பனிமூட்டமும் ஐப்பசி, கார்த்திகை மழையும். காகிதங்களை அமிலமற்ற உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில், சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். கணப்பு எரியும் அறை வேண்டாம். புகையும் சூடும் ஈரத்தைவிட மோசம்.

இனி, கையில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். பேட்ஜிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் அதிகம் கிடைக்கிறது, அதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அச்சிட்ட காகித வட்டத்தைத் தகரத்தின்மேல் வைத்து, மேலே செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக் வகையின் மெல்லிய தாளைப் போர்த்தி, பின்னால் வளையம் போட்டு இறுக்கும் முறைக்கு நியூஜெர்ஸி மாநிலம் நியூஆர்க் நகரின் வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அந்த வகைப் பேட்ஜ் பெருவாரியாக வந்த முதல் தேர்தல் 1896. நான் கண்ட பேட்ஜைத் திருப்பியபோது, உட்குழிவில் ஒட்டிய சிறு காகிதத்தில் நிறுவனத்தின் பெயரும், 1894 ஜூலை 17, 1896 ஏப்ரல் 14, 1896 ஜூலை 21 என்ற மூன்று காப்புரிமைத் தேதிகளும் இருந்தன. பின்பக்கக் காகிதம் இருக்கிறதா என்று பார்க்க ஊசியால் நெம்பக் கூடாது. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும். செல்லுலாய்டுக்குள் ஈரம் புகுந்தால் காகிதத்தில் டீக்கறை போன்ற புள்ளி விழும். விலை அதனால் குறையும், ஆனால் அதைப் போக்க முயன்றால் இன்னும் குறையும்.

போலியை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. 1968-இலும் 1972-இலும் அமெரிக்காவில் வணிக விளம்பரத்திற்காகப் பழைய தேர்தல் பேட்ஜ்களின் நகல்களைத் தொகுப்பாக வெளியிட்டார்கள். செல்லுலாய்டு போர்த்திய மூலங்களை இவர்கள் தகரத்தின்மேல் நேரடியாக அச்சிட்டு எடுத்தார்கள். ஆகவே 1896-இன் முகம் நேரே தகரத்தில் அச்சாகி இருந்தால் அது நகல். 1972-இன் எண்ணெய் நிறுவனத் தொகுப்பில் விளிம்பு மடிப்பிலேயே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். 1973-இன் அமெரிக்கச் சட்டம் ஒன்று, அரசியல் பொருள்களின் நகல்களில் தயாரித்த ஆண்டைக் குறிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எனவே முகத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்.

மெக்கின்லியின் முகம் மட்டும் உள்ள சாதாரணப் பேட்ஜ் சில பத்து டாலர்களுக்குமேல் போவது அரிது. வாசகமும் படமும் கூடினால் மதிப்பு ஏறும். 1896 தேர்தல் தங்க நாணயமா, வெள்ளி நாணயமா என்ற வாதத்தில் நடந்ததால், தங்கத் தரப்பின் சின்னமான தங்க வண்டு வடிவ ஊசிகளும், பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற பொருளில் பதினாறுக்கு ஒன்று என்று எழுதிய வெள்ளித் தரப்பின் பேட்ஜ்களும் தேடப்படுகின்றன. 1900-இல் மெக்கின்லியின் பிரசாரம், உணவு நிறைந்த தூக்குச்சட்டியைச் சின்னமாகக் கொண்டது. வேலைக்குப் போகிறவன் கையில் சோறு நிறைந்த தூக்குச்சட்டி என்பது நமக்கும் விளங்கும் வாக்குறுதிதான். அதிபர் வேட்பாளரும் துணை அதிபர் வேட்பாளரும் சேர்ந்திருக்கும் இரட்டைமுகப் பேட்ஜ்களுக்கு மதிப்பு இன்னும் அதிகம். அவற்றில் சேகரிப்பாளர்கள் உச்சமாகக் கருதுவது 1920-இல் தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் ஜேம்ஸ் காக்ஸ், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இருவரின் பேட்ஜ். பணமில்லாத கட்சி குறைவாகவே அடித்தது என்பதே காரணம்.

அமெரிக்கர் மேற்கு நோக்கி நகர்ந்து குடியேறிய எல்லைப்புறக் காலத்துக் காகிதங்களில் நம்மிடம் வரக்கூடியது நிலப் பட்டா. 1862 மே 20-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டுகள் குடியிருந்து உழுதவருக்கு 160 ஏக்கர் வழங்கியது. அதற்கு முன்பும் அரசு நிலம் விலைக்கு விற்கப்பட்டு, அதிபர் பெயரில் பட்டா தரப்பட்டது. பட்டாவின் அடியில் ஆபிரகாம் லிங்கன் என்று கண்டவுடன் குதிக்க வேண்டாம். 1833 மார்ச் 2 முதல் நிலப் பட்டாக்களில் அதிபர் பெயரை எழுதுவதற்கென்றே செயலர் ஒருவரை அமர்த்தச் சட்டம் அனுமதித்தது. எனவே ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சியில் வந்த அந்தத் தேதிக்கு முந்திய பட்டாக்களில் மட்டுமே அதிபரின் சொந்தக் கையெழுத்தை எதிர்பார்க்கலாம். பிந்தியவற்றில் பெயருக்குக் கீழேயே, செயலர் வழியாக என்று இன்னொரு பெயர் சிறிதாக இருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் கனவு கண்டு, பின் மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக அந்தப் பட்டா குப்பையும் அன்று. அதோடு அந்த நிலத்தில் வாழ்ந்தவரின் கடிதங்கள் இருந்தால், குறிப்பாக 1874-இல் கான்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் வெட்டுக்கிளிக் கூட்டம் விளைச்சலை விழுங்கிய கதையைப் போன்ற செய்தி அதில் இருந்தால், கையெழுத்தைவிட அந்தக் கட்டுக்கே மதிப்பு. எல்லோரும் நலம் என்று மட்டும் சொல்லும் கடிதத்திற்கும் வறட்சியைச் சொல்லும் கடிதத்திற்கும் விலையில் பெரிய தூரம் உண்டு. ஆகவே பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படியுங்கள்.

கையெழுத்தைச் சோதிக்க, நகை ஆசாரி கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். மை பேனாவின் அழுத்தத்திற்கேற்ப ஏறி இறங்கியிருக்கும்; கோடு கோட்டைக் கடக்கும் இடம் இருண்டிருக்கும்; பழைய இரும்பு மை பழுப்பாக மாறி இழையில் ஊறியிருக்கும். சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளை மாளிகையிலிருந்து வந்த நன்றிக் கடிதங்களில் பெரும்பாலானவை ஆட்டோபென் என்னும் இயந்திரம் போட்ட கையெழுத்து. அதில் தொடக்கம் முதல் முடிவு வரை கோடு ஒரே கனத்தில் ஓடும்.

செய்தித்தாள்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். லிங்கன் சுடப்பட்ட செய்தியைத் தாங்கிய 1865 ஏப்ரல் 15 நியூயார்க் ஹெரால்டும், வாஷிங்டன் மறைவைச் சொல்லும் 1800 ஜனவரி 4 அல்ஸ்டர் கவுண்டி கெஸட்டும் பலமுறை மறுஅச்சாகிக் கடையில் விற்கப்பட்டவை. மொறுமொறுவென்று பழுப்பாக இருக்கும் சுதந்திரப் பிரகடனமும் சுற்றுலாக் கடைச் சரக்கே.

பழைய படங்களில் மூன்று வகையைப் பிரித்தறியுங்கள். கண்ணாடிபோல் உங்கள் முகத்தையே காட்டி, சாய்க்கும்போது மட்டும் உருவம் தெரிவது வெள்ளித் தகட்டு டாகரோடைப். கண்ணாடியின்மேல் எடுத்து, பின்னால் கறுப்புத் துணி வைத்தது ஆம்ப்ரோடைப். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்தது டின்டைப். பெயர் தகரம் என்றாலும் அது இரும்புதான், எனவே காகிதம் ஒன்றை இடையில் வைத்துக் காந்தத்தை மெல்ல அருகில் கொண்டுபோனால் இழுக்கும். அட்டைப் படமாயிருந்து பின்பக்கம் தபால்தலை போன்ற அமெரிக்க வரி வில்லை ஒட்டியிருந்தால் அது 1864-க்கும் 1866-க்கும் இடைப்பட்டது, ஏனெனில் உள்நாட்டுப் போரின் செலவுக்காகப் படங்களுக்கு வரி விதித்த காலம் அதுதான். 2011-இல் டென்வர் நகர ஏலத்தில் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனின் டின்டைப் ஒன்று 23 லட்சம் டாலருக்குப் போனது முதல், தொப்பியும் துப்பாக்கியும் உள்ள எந்தப் படத்தையும் அவன்தான் என்று சொல்லும் வழக்கம் பரவிவிட்டது. முக ஒற்றுமை சான்று அன்று. படத்தில் இருப்பவர் பெயர் பின்னால் எழுதப்பட்டிருந்து, அந்தப் பெயர் குடும்பக் கடிதங்களிலும் வந்தால்தான் அது சான்று.

சில பொருள்களை ஏலத்திற்கு அனுப்பும் எண்ணமே வேண்டாம். உரிமம் இல்லாத பழைய துப்பாக்கி கிடைத்தால், அது எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், முதலில் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பூர்வகுடி மக்களின் இறகு அணிகளில் கழுகிறகு இருந்தால், 1940-இன் அமெரிக்கச் சட்டப்படி அதை விற்பதே குற்றம். அவர்களுடைய சடங்குப் பொருள்களையும் ஏலத்திற்கு அனுப்ப வேண்டாம்; அவை அந்த மக்களிடம் திரும்பிப் போக வேண்டியவை என்பதே என் எண்ணம். தந்தமும் தோலும் நம் நாட்டின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவன.

நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இன்னொரு சட்டத்தை. 1972-இன் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், வரலாற்று மதிப்புள்ள, நூறாண்டுக்குக் குறையாத பொருளையும், வரலாறு, இலக்கியம், அறிவியல் மதிப்புள்ள, எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத கையெழுத்துப் படியையும் ஆவணத்தையும் தொல்பொருள் என்கிறது. அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று இந்த வரையறை கேட்பதில்லை. தொல்பொருளைத் தனி ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்திற்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இதன் விளைவைக் கவனியுங்கள்: 1944 தேர்தலில் பிராங்க்ளின் ரூஸ்வெல்டுக்காக அணிந்த பேட்ஜ் இன்னும் நூறாண்டைத் தொடவில்லை, ஆனால் அதே ஆண்டில் அவர் கையெழுத்திட்ட கடிதம் எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. ஒரே டின்னில் கிடைத்த இரண்டுக்கும் வழி வேறு. வயது கடந்த எல்லாமே தொல்பொருள் ஆகிவிடாது. வரலாற்று மதிப்பு உண்டா என்பதை இந்தியத் தொல்லியல் துறையின் வல்லுநர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்களிடம் படங்களோடும் அளவுகளோடும் விண்ணப்பித்து, தொல்பொருள் அன்று என்ற சான்று பெற்ற பிறகே பொட்டலம் கட்டுங்கள். சான்று மறுக்கப்பட்டால், உள்நாட்டில் உரிமம் பெற்ற ஏல நிறுவனம் வழியாக விற்பதே முறை. சுற்றுலா வந்தவர் கைப்பையில் கொடுத்தனுப்பலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், சட்டத்திற்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, அப்படிப் போன பொருளுக்கு நல்ல ஏலக்கூடம் கேட்கும் ஏற்றுமதிச் சான்றை யாராலும் காட்ட முடியாது.

உரிமை பற்றியும் நேர்மையாக இருக்க வேண்டும். வீட்டை வாங்கியதாலேயே பரணில் இருந்த குடும்பக் கடிதங்கள் உங்களுடையவை என்று ஆகிவிடாது; சில வீடுகள் மிஷன் சொத்தாக இருந்தவை. கிரயப் பத்திரத்தில் அசையும் பொருள்கள் சேர்ந்தனவா என்று பாருங்கள். கடிதத்தில் பெயருள்ள குடும்பத்தின் வாரிசுகளைக் கண்டால் எழுதிக் கேளுங்கள். துரைசாணி அம்மா போகும்போது எங்கள் பாட்டிக்குக் கொடுத்தார் என்று சொல்லும் வீடுகள் மூஞ்சிக்கல்லிலும் வில்பட்டியிலும் பல இருக்கின்றன, அதில் பெரும்பாலும் உண்மையும் இருக்கிறது. அந்த நினைவை, பாட்டி எந்த ஆண்டுகளில் எந்த வீட்டில் வேலை செய்தார் என்ற விவரத்தோடு, உயிரோடிருக்கும் மூத்தவர் சொல்லச் சொல்ல எழுதி, நோட்டரி முன் உறுதிமொழியாக்குங்கள். பாட்டிக்குத் தந்த சிபாரிசுக் கடிதம், சம்பளச் சீட்டு, தோட்டத்தில் எடுத்த குழுப்படம் எதுவாயினும் இணையுங்கள். கொடைக்கானல் வழி வந்தது என்பது இப்பொருள்களுக்குக் குறை அன்று, அதுவே மற்ற ஆயிரம் பேட்ஜிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம்.

அமெரிக்க அரசியல், எல்லைப்புறப் பொருள்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் ஏலக்கூடங்கள் அங்கே உண்டு: டல்லஸில் ஹெரிட்டேஜ், பென்சில்வேனியாவில் ஹேக்ஸ், பாஸ்டனில் ஆர்ஆர் ஆக்‌ஷன், நியூயார்க்கில் ஸ்வான். பொருளை அனுப்பாமல் முதலில் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு ஆகிய படங்களையும், மில்லிமீட்டரில் அளவையும், எங்கே கிடைத்தது என்ற ஒரு பக்கக் குறிப்பையும் மட்டும் அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். குறைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒரே கூடத்தின் பேச்சோடு நிற்காமல் இரண்டு, மூன்று இடங்களில் கேளுங்கள்.

கணக்கு நம் மண்டிக் கணக்கைப் போன்றதுதான், ஒரு வேறுபாட்டைத் தவிர. வடுகபட்டிச் சந்தைக்கு மலைப்பூண்டு கொண்டுபோகும் விவசாயிக்கு மண்டிக் கமிஷன் எப்படிக் கழியும் என்பது தெரியும். இங்கே விற்பவரிடம் ஒரு கமிஷனும், வாங்குபவரிடம் அவர் கேட்ட விலைக்குமேல் ஒரு கமிஷனும் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். எடுத்துக்காட்டாக, 1,000 டாலருக்கு மூன்றாம் தரம் சொல்லி முடிந்த பொருளுக்கு விற்பவர் கமிஷன் 15 விழுக்காடு, வாங்குபவர் கமிஷன் 25 விழுக்காடு என்றால், வாங்குபவர் தருவது 1,250, உங்கள் கைக்கு வருவது 850. அதிலிருந்து படக் கட்டணம், காப்பீடு, அனுப்பும் செலவு போகும். செய்தியில் வரும் விலை பெரும்பாலும் அந்த 1,250-தான். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற அடிவிலையை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யலாம்; ஆனால் அது மதிப்பீட்டின் கீழ் எல்லைக்குமேல் இருக்க அவர்கள் சம்மதிப்பதில்லை, சிறு பொருள்களுக்கு அடிவிலையே தருவதில்லை. விற்காமல் போனால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும், பின்னால் போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு எவ்வளவு காலம் உங்கள்மேல் இருக்கும் என்ற மூன்று இடங்களையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அயல்நாட்டுப் பணம் வருவது பற்றி வங்கியிடமும், வரி பற்றி ஆடிட்டரிடமும் ஏலத்திற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அனுப்பும்போது, பேட்ஜின் ஊசி வேறெதையும் குத்தாதபடி தனித்தனிச் சிறு பெட்டியில் வையுங்கள். காகிதங்களை உறையோடு இரண்டு கனத்த அட்டைகளுக்கிடையில் வைத்து, முழுவதையும் ஈரம் புகாத தாளில் சுற்றிப் பெரிய பெட்டியில் இறக்குங்கள். மழைநாளில், மூட்டம் அறைக்குள் இறங்கியிருக்கும்போது கட்டினால் அந்த ஈரத்தையும் சேர்த்தே கட்டுகிறீர்கள். இரண்டு நாள் வெயிலடித்த பிறகு நண்பகலில் கட்டுங்கள். தொல்லியல் துறைச் சான்றின் ஒரு படி பெட்டிக்குள்ளும், ஒன்று வெளி உறையிலும், மூலம் உங்களிடமும் இருக்கட்டும்.

அந்த நாயுடுபுரத்து டின்னில் ஏலத்திற்குத் தகுதியானவை பேட்ஜும் அதன் கடிதமும் மட்டும்தான். மூலை கத்தரித்த உறைகளுக்குள் இருந்த கடிதங்கள் பள்ளி, காய்ச்சல், பால்காரர், மழை பற்றியவை. எந்த ஏலக்கூடமும் அவற்றைக் கேட்காது. மதுரை மிஷனை அனுப்பிய அமெரிக்கன் போர்டின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கின்றன. இத்தகைய கடிதங்கள் கிடைத்தால் அதுபோன்ற காப்பகம் ஒன்றுக்கு விவரம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, தேதி வரிசையில் எண்ணிட்டு, அதே டின்னில் வையுங்கள்.